இதர

பொருளின் வகை என்றிருக்கிறது படிவத்தில்.
வாள். அரிவாள். கத்தி. கோடாலி. இதர.
குலசேகரம் ஸ்டேஷனில் மின்சாரம் இல்லை.
மழை ஓட்டின்மேல் நின்று பேசுகிறது.
மேசையில் கிடக்கிறது அது.

எழுத வேண்டியவள் நான்.
நீளம் இருபத்தாறு அங்குலம்.
பிடி மரம், செம்புக் கம்பி சுற்றியது,
நடுவில் நாலு சுற்று காணோம்.
அலகு நேராகப் புறப்பட்டு
பாதி வழியில் மனம் மாறி
கொக்கியாக வளைந்து
நுனியில் இரண்டாகப் பிளந்து வாய் திறந்திருக்கிறது.

சப்-இன்ஸ்பெக்டர் ஒரு பழைய சம்மனை
அதன் விளிம்பில் இழுத்துப் பார்த்தார்.
தாள் கசங்கியது, அறுபடவில்லை.
"ஒம்பது இஞ்சுக்கு மேல உண்டில்லா,
சட்டத்துக்குக் கூர் வேண்டாம்" என்றார்.

புகார்தாரர் தாணுமாலயன், காட்டாவிளை.
எல்லையில் நிற்கும் ரப்பர் மரம் யாருடையது என்ற பேச்சில்
எதிரி வாளைக் காட்டினார், உயிர்ப்பயம் உண்டானது.
எதிரி ஏசுவடியான், வயது அறுபத்தொன்று,
கொங்கோ ஆற்றில் தடி இழுக்கும் படகுக்குப்
பத்தொன்பது வருஷம் இயந்திரம் பார்த்தவர்.
"நான் காட்டல்ல மேடம். அது சுவரில கிடந்தது.
அவன்தான் சன்னல் வழியா கண்டான்."

பெயர் கேட்டேன்.
ங்குலு, என்றார்.
பள்ளிக்கூடத்தில் அந்த எழுத்தை வளைக்கப் படித்தோம்.
அதில் தொடங்கும் ஒரு பொருளை
யாரும் கொண்டுவந்து காட்டவில்லை, இன்றுவரை.

பிறகு அவர் சொன்னது எதுவும் மகஜரில் இல்லை:
ஆளை உட்காரவைத்து முளைகளில் கட்டுவார்களாம்.
இளமரம் ஒன்றை வளைத்து இழுத்து
நுனிக்கயிற்றைத் தலையோடு முடிவார்களாம்.
ஒரே வீச்சு.
மரம் நிமிரும்போது தலையையும் கொண்டுபோகும்.
அவன் கடைசியாகக் கண்டது உயரம் என்று
படகில் கூடவேலை பார்த்தவன் சொன்னானாம்,
சிரிக்காமல்.

பெறவு வெள்ளைக்காரன் வந்து தடுத்தான்.
காட்டுமிராண்டித்தனம் என்று எழுதியும் வைத்தான்.
அவன் ஆட்கள்தான்
ரப்பர் எடை குறைந்த ஊர்களில்
கைகளைக் கூடையில் எண்ணி வாங்கியது.
வாளுக்கு ஆடு மிஞ்சியது. ஆடும் போய்
ஆட்டம் மிஞ்சியது.
அப்புறம் கப்பலில் வந்தவர்களுக்கு விற்கப்
புதிதாக அடித்தார்கள், கூரில்லாமல்.
"இது அந்த வகை. மூணு மாசச் சம்பளம் போச்சு."

சாட்சி நேசையன் பால்வெட்டுக்காரர்.
கையெழுத்துக்காக இத்தனை நேரம் நின்றவர்
"எடை கொறஞ்சாலா?" என்று மட்டும் கேட்டார்.
விரலிடுக்கில் காய்ந்த பாலை
நூல் நூலாக உரித்துக்கொண்டிருந்தார்.
நான் பேனாவை நீட்டியதும்
வலது கையை ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு வாங்கினார்.

மழை விட்டதும் இடம் பார்க்கப் போனோம்.
மூன்று வயது மரம், வெட்டுக்கு வர இன்னும் நாள் உண்டு.
காற்றில் சாய்ந்ததை நேராக்க என்று
தாணுமாலயன் நைலான் கயிறு போட்டுத்
தன் பலாவில் இழுத்துக் கட்டியிருந்தார்.
நேரையும் தாண்டி அவர் பக்கம் குனிந்திருந்தது அது.
மூன்று பக்கப் புகாரும் அந்தக் கயிறுதான்.
"அவுத்து விடும்" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

முடிச்சு நனைந்து இறுகியிருந்தது.
நேசையன் இடுப்பிலிருந்து பால்கத்தியை எடுத்தார்.
ஒரே இழுப்பு.
மரம் எழுந்தது.
இலையில் வைத்திருந்த மழை முழுவதையும்
எங்கள்மேல் வீசிவிட்டு
ஆடிக்கொண்டே நின்றது.
ஏசுவடியான் கை கழுத்தில் இருந்தது.
கதையைக் கேட்காத தாணுமாலயன் கையும்.
என் கை எங்கே இருந்தது என்று
நான் எழுதப்போவதில்லை.

திரும்பி வந்து, இதர என்பதன் கீழ் கோடிட்டேன்.
சொத்து அறையில்
சக்கரமில்லாத ஒரு சைக்கிளுக்கும்
சாராயக் கேன்களுக்கும் நடுவே சாத்தினேன்.
எண் பதினேழு என்ற அட்டையைச்
சணலால் பிடியில் கட்டினேன்,
தளர்வாக.